பதினாலாம் இடம்

இம்மாகுலேற் கட்சிக்குப் போனது தம்பிக்காக. அதை அவள் மறைத்ததேயில்லை. கட்சிக்காரருக்கும் சொன்னாள், பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் கடைகடையாக ஏறி இறங்கியபோதும் சொன்னாள். தம்பி றொஜர் வன்னிக்குள் அகப்பட்டவன். 2009 ஏப்ரலில் யாரோ ஒருவருடைய தொலைபேசியில் அரை நிமிடம் கதைத்தான். பிறகு சத்தமில்லை. சண்டை முடிந்து, முகாம்களில் இருந்து ஊர்ச்சனத்தின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோதும் அவனுடைய பெயர் வரவில்லை.

யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவள். பாரிசுக்கு வந்து இருபது வருடத்துக்குக் கிட்ட. ஆரம்பத்தில் ஒரு வங்கியின் அலுவலகங்களைத் துப்பரவாக்கினாள். அங்கே வேலை செய்த போர்த்துக்கேயப் பெண்களோடு வாயாடி வாயாடியே பிரெஞ்சு பிடித்துக்கொண்டாள். பிறகு இராஜேந்திரனின் பலசரக்குக் கடையில் காசுமேசைக்கு வந்தாள். கணவன் அருட்பிரகாசம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் குசினி வேலை. வீடு மார்க்ஸ் டோர்மோய் மெற்றோவுக்குப் பின்னால், நாலாம் மாடியில். நசியோனலிற்றி, அதுதான் பிரெஞ்சுக் குடியுரிமை, எடுத்த அன்று அருட்பிரகாசம் கோழி வாங்கிவந்து கறி வைத்தான். அவளோ அடுத்த தேர்தல் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்படியான ஆள்.

2009 சித்திரை, வைகாசியில் சண்டையை நிறுத்தச் சொல்லித் தமிழ்ச்சனம் முழுக்கத் தெருவில் நின்றது. அந்தக் கூட்டங்களில் ஒன்றில்தான் ஜிஸ்லேன் வந்து சேர்ந்தாள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பகுதிக் கட்சிக் கிளையின் செயலாளர். மற்றக் கட்சிக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இவள் மழையிலும் நின்றாள். இம்மாகுலேற் அவளுக்குப் பக்கத்தில் நின்று சனம் கத்துவதை மொழிபெயர்த்தாள். பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தாயின் கதையைச் சொல்லும்போது ஜிஸ்லேன் அழுதாள். அது நடிப்பில்லை. பின்னாளில் எல்லாம் கசந்துபோன பிறகும் இம்மாகுலேற் அந்த அழுகையை மட்டும் பொய்யென்று சொல்லமாட்டாள்.

செப்ரெம்பரில் ஜிஸ்லேன் கடைக்கு வந்தாள். அடுத்த மார்ச்சில் பிராந்தியத் தேர்தல். கட்சி தன்னுடைய பட்டியலில் புது முகங்களைத் தேடுகிறது. சட்டப்படி ஓர் ஆண், ஒரு பெண் என்று மாறிமாறி வரவேண்டும். "இந்தத் தெருவை அறிந்த ஒரு பெண் எங்களுக்கு வேண்டும், இம்மா" என்றாள்.

இரவுச் சாப்பாட்டில் அருட்பிரகாசம் சிரித்தான்.

"உவங்கள் உன்னைக் கேக்கிறது உனக்காகவோ? லா சப்பலிலை உன்னைத் தெரியாத ஆக்கள் இல்லை. அதுதான் அவங்களுக்கு வேணும்."

"வேணுமெண்டால் எடுக்கட்டும். நானும் எனக்கு வேண்டியதைக் கேப்பன்."

கேட்டாள். கிளை அலுவலகம் என்பது மூடிக்கிடந்த ஒரு தையற்கடையின் பின்னறை. மாவட்டக் கட்சியில் இருந்து எமில் வந்திருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கைபேசியைப் பார்த்தபடியே கதைக்கிற பழக்கம். துண்டுப்பிரசுரத்தில் ஒரே ஒரு வசனம் வரவேண்டும் என்றாள் இம்மாகுலேற்: இலங்கையில் காணாமல் போனவர்களுக்காகக் கட்சி குரல் கொடுக்கும். அவ்வளவுதான்.

எமில் பொறுமையாகத் தலையசைத்தான். "மதாம், பிராந்திய சபைக்கு வெளிநாட்டு விவகாரத்தில் அதிகாரமில்லை. அச்சில் போட்டால் எதிர்க்கட்சி சிரிக்கும். ஆனால் நீங்கள் உங்கள் ஆட்களோடு உங்கள் மொழியில் பேசும்போது என்ன சொல்கிறீர்கள் என்பதை நாங்கள் தடுக்கப்போவதில்லை."

ஜிஸ்லேன் அவளுடைய கையைப் பிடித்தாள். "உள்ளே வந்தபிறகு பேசலாம், இம்மா. உள்ளே ஓர் ஆள் இருப்பதுதான் முக்கியம்."

அப்படித்தான் பிரெஞ்சில் இல்லாத வாக்குறுதியை இம்மாகுலேற் தமிழில் கொடுக்கத் தொடங்கினாள்.

கட்சி என்பது மேடையும் கொடியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உண்மையில் அது கால்வலி. அடுத்த வருடம் வாக்களிக்க வேண்டுமென்றால் அந்த வருடம் முடிவதற்குள் பெயர் பதிய வேண்டும். நசியோனலிற்றி எடுத்தும் பதியாமல் இருந்தவர்களை வீடுவீடாகத் தேடிப்பிடித்து, குளிருக்குள் நகரசபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை உணவக வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்கப் பொலிஸ் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். பொலிஸ் என்றதும் குசினிப் பெடியள் பின்வாங்கினார்கள். "அண்ணை, நான் பக்கத்திலை நிக்கிறன். அவன் உங்களை ஒண்டும் கேக்கமாட்டான்" என்று ஒவ்வொருவராக உள்ளே தள்ளினாள். சனிக்கிழமை சந்தை வாசல், கிழமை நாளில் கார் து நோர் நிலைய வாசல் என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தாள். புறநகரான ஓல்னே-சூ-புவாவில் இருந்து சாமான் வாங்க வருகிற சனத்துக்கும் கொடுத்தாள். அவர்களுக்கு வேறு மாவட்டப் பட்டியல் என்றாலும் கட்சி ஒன்றுதானே.

"இதென்ன எலெக்சன் பிள்ளை? சனாதிபதிக்கோ?" என்று கேட்பார்கள்.

"இல்லை ஐயா. ஊரிலை மாகாணசபை எண்டு சொல்லுறமே, அது மாதிரி. இதின்ரை தலைவர் முதலமைச்சர் மாதிரி. நீங்கள் வாற ரெயிலையும் உங்கடை பேரப்பிள்ளை படிக்கிற லீசேயையும் அவைதான் பாக்கிறது."

"அப்ப எங்கடை பிரச்சினை?"

"நான் உள்ளை போனால் கதைப்பன்."

இந்த வேலைகளில் அவளுக்கு வலதுகையாக நின்றவள் தர்மிளா. அதே கட்டடத்தில், அதே மாடியில் எதிர்க்கதவு. கோண்டாவில்காரி. ஒற்றை அறையில் கணவன், மூன்று பிள்ளைகள், ஒரு தையல் இயந்திரம். சுவர் முழுக்க ஈரப்பூஞ்சணம். நடுப்பிள்ளைக்கு மூச்சிளைப்பு. அரச வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காகிறது. ஜிஸ்லேனை இம்மாகுலேற்தான் அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜிஸ்லேன் சுவரைத் தொட்டுப் பார்த்தாள், பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள், "இது வெட்கக்கேடு" என்றாள். விண்ணப்பத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்கள் கவுன்சிலராய் வந்தால் எனக்கொரு கதவு திறக்கும்" என்றாள் தர்மிளா. இம்மாகுலேற் இல்லையென்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கே நம்பிக்கை அப்படி.

பட்டியலில் அவளுக்குக் கிடைத்தது பதினாலாம் இடம். பதின்மூன்றாம் இடத்தில் எமில். கட்சி வென்றால் பட்டியலின் முதல் இருபது பேருக்கு மேலே சபைக்கு எடுபடுவார்கள் என்று ஜிஸ்லேன் விளங்கப்படுத்தினாள். செய்தி லா சப்பலில் பரவியபோது, சிகை அலங்காரக் கடையில் இருந்து நகைக்கடை வரைக்கும் அவளுக்கு மரியாதை கூடிப்போனது. "கவுன்சிலர் அக்கா" என்று கூப்பிட்டார்கள். வேண்டாமென்று கையை ஆட்டுவாள். ஆனால் கண்ணாடியில் நின்று மேடையில் பேசுகிற மாதிரிப் பிரெஞ்சு பேசிப் பார்த்ததை அருட்பிரகாசம் ஒருநாள் கண்டான். கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

முதற்சுற்று நடந்த ஞாயிறு பின்னேரம், பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் எண்ணும்போது அவள் நின்றாள். வழக்கமாகத் தூங்கி வழிகிற சாவடி அது. இந்தமுறை தமிழ்ப் பெயர்களுக்கு எதிரே கையெழுத்துகள் நிறைந்திருந்தன. ஜிஸ்லேன் எல்லாருக்கும் முன்னால் அவளைக் கட்டிப்பிடித்தாள். கட்சி நல்ல இடத்தில் இருந்தது. ஆனால் தனியே வெல்லப் போதாது. இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு கட்சியோடு பட்டியலை இணைக்க வேண்டும்.

அது என்னவென்று இம்மாகுலேற்றுக்குத் தெரியும். இரண்டு பட்டியல் ஒன்றாகும். தெரியாமல் போனது, ஒன்றாகும்போது பாதிப்பேர் வெளியே போகவேண்டும் என்பதுதான். அவள் அதைக் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் சனம். காசுமேசையில் நின்றபடியே எமிலின் அழைப்பை எடுத்தாள்.

"இம்மா, பேச்சுவார்த்தை கடினமாக இருந்தது. கூட்டாளிகள் பெண்களுக்குரிய முன்னிடங்களில் நாலு கேட்டார்கள். உங்கள் இடம் போய்விட்டது. மன்னிக்கவேண்டும்."

"எந்த இடத்துக்குப் போட்டிருக்கிறீர்கள்?"

"பட்டியலில் இல்லை."

ஒரு கிழவர் வெண்டிக்காய்ப் பையை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் தராசில் வைத்தாள்.

"நீங்கள், எமில்?"

"நான் இருக்கிறேன். என்னுடையது கட்சி அமைப்புக்கென்று ஒதுக்கிய இடம்." அதே குரலில் தொடர்ந்தான். "இன்னொன்று. வியாழக்கிழமை பெரிய மண்டபத்தில் இறுதிக்கூட்டம். தொலைக்காட்சி வருகிறது. தலைமை வேட்பாளருக்குப் பின்னால் உங்கள் பெண்கள் சேலையோடு நின்றால் அழகாக இருக்கும். பதினைந்து பேர் வருவார்களா?"

"வருவார்கள்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னாளில் எத்தனையோ தரம் தன்னையே கேட்டுப்பார்த்தாள். அந்தக் கணத்தில் வாயில் வந்தது அதுதான். பத்து வருடம் காசுமேசையில் நின்ற வாய். கேட்பவருக்கு ஓம் சொல்லிப் பழகிய வாய். வெண்டிக்காய்க்காரருக்கு மிச்சக்காசு கொடுத்தாள். அவர், "என்ன கவுன்சிலர், கட்சியோ?" என்றார். "ஓம் ஐயா" என்றாள்.

வீட்டில் அருட்பிரகாசத்துக்கு மட்டும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "சனத்துக்குச் சொல்லு" என்றான்.

"இப்ப சொன்னால் ஒருத்தரும் போடமாட்டினம். கட்சி தோத்துப்போனால் தர்மிளான்ரை வீட்டு அலுவலும் போச்சு, தம்பியின்ரை கதையும் போச்சு. வெண்டால் ஜிஸ்லேன் எண்டாலும் செய்வாள்."

"உனக்கு வெக்கமாய் இருக்கு. அதைச் சொல்லு."

அவள் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

வியாழக்கிழமை தர்மிளா சேலைகளை எல்லாம் தானே இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினாள். பதினைந்து பேருக்குப் பதிலாகப் பத்தொன்பது பேர் வந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெற்றோவில் பட்டும் சரிகையுமாகப் போனபோது வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தில் ஒரு பெண் அவர்களைச் சேலைகளின் நிறவாரியாக ஒழுங்குபடுத்தி மேடையில் ஏற்றினாள். தலைமை வேட்பாளர் வந்து வரிசையாகக் கைகொடுத்தார். இம்மாகுலேற்றின் கையைப் பிடித்தபோது, "நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம்?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் அடுத்த கைக்குப் போய்விட்டார். அவருடைய பேச்சில் ரெயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பன்முகப் பாரிஸ் வந்தது. அந்தச் சொல் வந்ததும் கமெரா பெண்களின் பக்கம் திரும்பியது. தர்மிளா இளைப்புக்காரப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் திரண்டு போய் வாக்குப் போட்டது. சீட்டில் இருந்த நீண்ட பெயர்வரிசையை ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. கட்சி வென்றது.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தபோது வாசலில் சனம் நின்றது. இராஜேந்திரன் பூமாலை வாங்கி வைத்திருந்தார். ஒரு தட்டு நிறைய லட்டு. எப்போதும் கல்லாப்பெட்டியைத் தவிர வேறொன்றையும் நிமிர்ந்து பார்க்காத மனுசன், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "எங்கடை கடையிலை இருந்து ஒரு கவுன்சிலர்!" என்று மாலையை உயர்த்தினார். கைதட்டினார்கள். தர்மிளா முன்னுக்கு நின்றாள், கண்கலங்கி.

இம்மாகுலேற் மாலையைக் கையால் தடுத்தாள்.

"நான் அதிலை இல்லை. என்ரை பேரை எடுத்துப்போட்டாங்கள்."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இராஜேந்திரன் மாலையை இறக்காமலே நின்றார். ஒரு பெடியன், "வெண்டிட்டியள் எண்டுதானே சொல்லுகினம்?" என்றான்.

"கட்சி வெண்டது. நான் இல்லை."

"எப்ப எடுத்தவங்கள்?" தர்மிளாதான் கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை."

தர்மிளா மெதுவாகக் கேட்டாள். "அப்ப வியாழக்கிழமை என்னையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய் மேடையிலை நிப்பாட்டினது?"

"தர்மிளா, கட்சி வெண்டாலாவது உன்ரை வீட்டு அலுவல்..."

"வீட்டுக் கதையை விடுங்கோ. அவங்கள் உங்களை ஏமாத்தினது சரி. நீங்கள் ஏன் அக்கா எங்களை ஏமாத்தினியள்? எங்களுக்காகப் போடச் சொன்னியளோ, அவங்களுக்காகப் போடச் சொன்னியளோ?"

சனம் கலைந்தது. லட்டுத் தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் இராஜேந்திரன் கடைக்குள் கொண்டுபோய் விற்கிற இனிப்புகளோடு வைத்தார்.

அந்தக் கிழமையே ஜிஸ்லேனிடம் போனாள். தையற்கடைப் பின்னறையில் சுவரொட்டிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிஸ்லேன் முகத்தில் களைப்பும் சந்தோசமும்.

"ஏன் என்னை, ஜிஸ்லேன்?"

"உன்னை மட்டுமா? எத்தனையோ பேர். யார் வெட்டினால் சத்தம் போடமாட்டார்களோ அவர்களைத்தான் வெட்டுவார்கள். கட்சி அப்படித்தான். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் நடந்தது." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. "நான் போய்விடவில்லை. அடுத்தநாள் காலையில் சந்தை வாசலில் துண்டு கொடுத்தேன்."

இம்மாகுலேற் அவளைப் பார்த்தாள். நரைத்த தலை, கையில் பசைக்கறை. இந்த மனுசி வாழ்நாள் முழுக்கத் தனக்கு நடந்ததையே மற்றவர்களுக்கும் செய்துகொண்டு, அதை விசுவாசம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது பட்டது. கோபப்பட வந்தவளுக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

"தர்மிளாவின் வீடு?"

"நகரசபைக்கு அனுப்பினேன். வரிசையில் இருக்கிறது. பிராந்தியத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை, உனக்குத் தெரியும்."

"என் தம்பி?"

ஜிஸ்லேன் சுவரொட்டியைச் சுருட்டுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி சுருட்டினாள்.

அதற்குப் பிறகு இம்மாகுலேற் அந்த அறைக்குப் போகவில்லை. லா சப்பலில் சில காலம் அவளைக் கண்டால் பெடியள் "கவுன்சிலர்" என்று பின்னால் இருந்து கூப்பிட்டார்கள். முன்பு கூப்பிட்ட அதே சொல். அரச அலுவலகமான பிரெபெக்ற்றில் இருந்து வருகிற கடிதங்களை அவளிடம் வாசித்துக் கேட்க வருகிற சனம் குறைந்தது. எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அவள் தன் கதவுக்குப் பின்னால் நின்று, அடிச்சத்தம் படியிறங்கும்வரை பொறுத்துத்தான் வெளியே வருவாள். தர்மிளாவுக்கு வீடு கிடைத்தது நாலு வருடம் கழித்து, வரிசையில் அவளுடைய முறை வந்தபோது. ஓல்னேயில். ஒருவருடைய உதவியும் இல்லை. சாமான் ஏற்றின அன்று இம்மாகுலேற் தையல் இயந்திரத்தை இறக்கக் கைகொடுக்க வந்தாள். "வேண்டாம், பெடியள் நிக்கிறாங்கள்" என்றாள் தர்மிளா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

2015இல் அடுத்த பிராந்தியத் தேர்தல். எமில் கடைக்கு வந்தான், கோட்டும் கழுத்துத்துணியுமாக. இப்போது கையில் கைபேசி இல்லை. அதைப் பார்க்கப் பக்கத்தில் வேறொருவன் நின்றான். பழசெல்லாம் மறந்து மறுபடி உதவ வேண்டும் என்றான். பட்டியலில் முப்பத்தாறாம் இடம் தரலாம் என்றான்.

"அது எடுபடாத இடம்."

"ஓர் அடையாளம், மதாம். உங்கள் சமூகத்துக்கு மதிப்பு."

"போனமுறை அவர்களிடம் என் தம்பியைப் பற்றிச் சொல்லி வாக்குக் கேட்டேன். அதை நீங்கள் தடுக்கவில்லை. இந்தமுறை அவர்களிடம் எதைச் சொல்வேன்?"

எமிலுக்கு எந்தத் தம்பி என்று நினைவில்லை. முகத்தில் அது அப்படியே தெரிந்தது. அவன் மரியாதையாகத் தலைகுனிந்து வெளியேறி, தெருவைக் கடந்து நகைக்கடைக்குள் போனான். அடுத்த கிழமையே அங்கே வேலை செய்கிற ஒரு பெண்ணுக்குப் பட்டியலில் இடம் கிடைத்ததென்று வாழ்த்துச் சொல்லச் சனம் போனது. இம்மாகுலேற்றும் போனாள். முன்னுக்கு நின்றவர்களோடு சேர்ந்து கைகொடுத்தாள். அந்தப் பெண் தனியே கூப்பிட்டு, "அக்கா, நீங்கள் முந்தி இதிலை இருந்தனீங்கள் எண்டு சொல்லுகினம். என்ன மாதிரி?" என்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டு, "அது அப்ப. இப்ப அப்பிடிச் செய்யமாட்டினம்" என்றாள்.

றொஜரைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இம்மாகுலேற் வாக்குச்சாவடிக்குப் போகிறாள். மேசையில் கிடக்கிற எல்லாக் கட்சிகளின் வாக்குச்சீட்டுகளிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், விரும்பின ஒன்றை வைக்கவேண்டிய உறைக்குள் ஒன்றையும் வைக்காமல் மூடிப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறாள்.

"வெறும் உறையைப் போடவோ இந்தக் குளிருக்குள்ளை போறாய்?" என்று அருட்பிரகாசம் கடைசியாகக் கேட்டான்.

"போகாட்டி நான் ஒருத்தி இருக்கிறனெண்டு அவங்களுக்குத் தெரியாது."

"வெறும் உறையைப் போட்டால் தெரியுமோ?"

அவள் மேற்சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.